தாடை வலிக்கு வாய்க்குள் விரல் விட்டு சிகிச்சையா?

கேள்வி: என் வயது 34. இரண்டு மாதமாக இடது காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம் வேறு. காதில் கோளாறு இல்லையாம். பல் டாக்டர் பிசியோதெரபிக்குப் போகச் சொல்கிறார். வாய்க்குள் விரல் விட்டு அழுத்துவார்களாமே, தாடை கழன்றுவிடாதா?

பதில்: கழலாது. சலூனில் கழுத்தைச் சொடுக்குவார்களே, அந்த வேலையே இதில் கிடையாது. யாராவது தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்ப வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் நழுவுவதுதான் தாடை மூட்டு. அதற்குள் மெத்தை மாதிரி ஒரு சிறு தட்டு உண்டு. அது முன்னால் விலகியிருந்து, வாய் திறக்கையில் இடத்துக்குத் திரும்பும்போதுதான் பெரும்பாலும் 'டக்' கேட்கும். சத்தம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். உங்களுக்கு வலியும் இருக்கிறது, அதனால் போய்ப் பாருங்கள்.

முதலில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளப்பார்கள். உங்கள் மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தால் சரி. பிறகு கையுறை போட்டு, கன்னத்துக்கு உள்ளே ஒரு விரல், வெளியே கட்டைவிரல் வைத்து மெல்லும் தசையைப் பிடிப்பார்கள். இறுகிய முடிச்சில் விரல் பட்டதும் வலி காதுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் பாயும். "இதேதான் என் வலி" என்று பலர் அங்கேயே சொல்லிவிடுவார்கள். இளகும்வரை அப்படியே அழுத்திப் பிடிப்பதுதான் சிகிச்சை. அப்புறம் கீழ்க்கடைவாய்ப் பற்கள்மேல் கட்டைவிரலை வைத்து, மூட்டை மெதுவாகக் கீழ்நோக்கி இழுப்பார்கள். வாயில் விரல் இருக்கும்போது பேச முடியாது. கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

நாள்பட்ட தாடை வலிக்கு 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தக் கைமுறை சிகிச்சையையும் தாடைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஆனால் அரை மணி நேரம் இளக்கியதைப் பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பார்த்துக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். உதடு மூடியிருந்தாலும் பற்கள் தொடக்கூடாது. நாக்கு மேலண்ணத்தில் இருக்கட்டும். முறுக்கு, சூயிங்கம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

வாய் திறந்தபடியே பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு கன்னம் வீங்கினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுப் பெரியவர்கள் மாடி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்ததும் போகிறது என்றால், காட்ட வேண்டியது இதய மருத்துவரிடம்.