எபிரேய அரிய நூல்கள், சுவடிகள், யூதச் சடங்குப் பொருள்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய எபிரேய நூலின் முகப்புத் தாளில் ஆண்டு எண் எதுவும் இல்லை. ஒரு வேத வசனம் மட்டும் பெரிதும் சிறிதுமான எழுத்துகளில் இருக்கிறது. அச்சான காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த வசனத்துக்குள்தான் ஆண்டு இருக்கிறது. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. எல்லா எழுத்தையும் கூட்டிவிடாதீர்கள். பெரிதாக அச்சிட்டவை, அல்லது தலைமேல் புள்ளியோ கோடோ வைத்தவை மட்டுமே கணக்கில் சேரும். உதாரணமாக ரேஷ் 200, பே 80, கிமெல் 3 என்று தேறினால் கூட்டுத்தொகை 283. யூத ஆண்டில் இது 5283. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவதுதான் பெருவழக்கு. 283உடன் 1240ஐக் கூட்டுங்கள், 1523 வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. நூலில் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் போன்ற முதல் மாதங்கள் குறித்திருந்தால் 1240க்குப் பதில் 1239ஐக் கூட்ட வேண்டும். மாதமே இல்லையென்றால் 1522/23 என்று எழுதுவதே நேர்மை.

ஊர்ப் பெயரிலும் ஏமாறலாம். 'ஆம்ஸ்டர்டாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே கண்ணுக்குத் தெரியாத அளவில் 'எழுத்துகளைப் போன்ற' என்று இருக்கும். அந்த ஊர் எழுத்துரு பேர்போனது என்பதால் வேறு ஊர் அச்சகங்கள் செய்த வியாபாரத் தந்திரம் இது. ரஷ்யப் பேரரசில் 1836க்குப் பிறகு பெரும்பாலான எபிரேய அச்சகங்கள் மூடப்பட்டபோது, தணிக்கைக்குப் பயந்து பழைய ஆண்டைப் போட்டு அச்சடித்ததும் நடந்தது. முகப்புத் தாள் சொல்வதை அப்படியே நம்பாமல், இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணையப் பட்டியலில் அதே பதிப்பின் விவரத்தோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: 1695ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஹகதா ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 'முழுமையான பிரதி' என்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பாஸ்கா இரவில் படிக்கும் இந்த நூலின் இறுதியில் புனித நாட்டின் மடிப்பு வரைபடம் இருக்க வேண்டும். செப்புத்தகட்டில் படங்களைச் செதுக்கியவர் ஆபிரகாம் பர் யாக்கோபு, யூத மதத்துக்கு மாறியவர். பல பிரதிகளில் அந்த வரைபடம்தான் காணாமல் போயிருக்கும். அது இல்லாத பிரதிக்கும் இருக்கிற பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி. ஆகவே இல்லாத இடத்தில் நகலை ஒட்டி வைக்கும் ஆசையும் பெரிது.

செப்புத்தகட்டு அச்சில், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய விளிம்புக் கோடு தாளில் பள்ளமாக விழும். சாய்வாக டார்ச் அடித்தால் தெரியும். நகலில் அந்தப் பள்ளம் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால் கோடுகளுக்குப் பதில் புள்ளிப் புள்ளியாக இருக்கும். புற ஊதா விளக்கில் தாள் நீலவெண்மையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், வெளுப்பூட்டி கலந்த தாள் அது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் அப்படித் தாள் கிடையாது.

நடுவில் வேறு பிரதியிலிருந்து எடுத்துச் செருகிய தாள்களைப் பிடிக்கப் புத்தகப்புழு உதவும். புழு தாள் தாளாகத் துளைத்துக்கொண்டு நேரே போகும். 14, 15, 17, 18ஆம் தாள்களில் ஒரே இடத்தில் துளை இருந்து 16இல் மட்டும் இல்லையென்றால், 16 அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. திராட்சை ரசக் கறை, எண்ணெய்க் கறை பற்றிக் கவலை வேண்டாம். உணவு மேசையில் புழங்கிய நூல் அது. கறையே இல்லாமல் வெளேரென்று இருந்தால்தான், தாள்களைக் கழுவியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் நூலில் பல வரிகளை மையால் அடித்திருக்கிறார்கள். மதிப்புக் குறையுமா?

குறையாது, சில சேகரிப்பாளர்கள் அதற்காகவே வாங்குகிறார்கள். 1553இல் ரோமில் யூதச் சட்டத் தொகுப்பான தல்மூத் எரிக்கப்பட்ட பிறகு, இத்தாலியில் எபிரேய நூல்கள் கிறிஸ்தவத் தணிக்கையாளர் கைக்குப் போய்வர வேண்டியிருந்தது. கடைசித் தாளில் டொமெனிகோ இரொசொலிமிதானோ, ஜொவான்னி டொமெனிகோ கர்ரெத்தோ போன்றவர்களின் கையெழுத்து, சில வேளை ஆண்டோடு இருக்கும். அந்த நூல் அப்போது இத்தாலியில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அடித்த மை தாளை அரித்து ஓட்டையாக்கியிருந்தால் மட்டும் விலையில் தள்ளுபடி கேளுங்கள்.

கேள்வி: கோபுர வடிவ வெள்ளி வாசனைப் பெட்டி. '84' முத்திரையும் எபிரேய வாசகமும் 1870 என்ற ஆண்டும் இருக்கின்றன. வாங்கலாமா?

யூதச் சடங்குப் பொருள்களில் போலி அதிகம் புழங்குவது இந்த வகையில்தான். ஓய்வுநாள் முடிவில் முகரும் வாசனைப் பெட்டி, ஆசி சொல்லித் திராட்சை ரசம் அருந்தும் கித்தூஷ் கிண்ணம், ஹனுக்கா விழாவில் ஏற்றும் விளக்கு மூன்றும் உருவில் சிறியவை. செய்யவும் விற்கவும் சுலபம். அதனால் அவசரம் வேண்டாம்.

84 என்பது ரஷ்ய மாற்று, ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி. கூடவே என்ன முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். தலையணி அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகம் இருந்தால், அது 1899க்குப் பிந்தையது. முகம் இடப்பக்கம் பார்த்தால் 1899 முதல் 1908 வரை. வலப்பக்கம் பார்த்தால் அதற்குப் பின். அப்படியானால் 1870 என்ற ஆண்டு எப்படி வந்தது என்பதற்கு விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரிய–ஹங்கேரிப் பொருள்களில் 1867 முதல் டயானா தேவியின் தலை. அதனருகே 3 என்றால் 800 பங்கு. ஜெர்மனியில் 1888 முதல் பிறையும் கிரீடமும்.

முத்திரையை அடித்தார்களா, வார்த்தார்களா என்பது அடுத்தது. அடித்த முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும். தகடு மெல்லியதென்றால் மறுபக்கம் லேசான புடைப்புத் தெரியும். அசல் பொருளிலிருந்து அச்செடுத்து வார்த்தது என்றால் ஓரம் மழுங்கி, உள்ளே பொடிப்பொடியாகக் குழிகள் இருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு நகல் அசலைவிட ஒன்றிரண்டு சதவீதம் சிறுத்தும் போகும். அருங்காட்சியகப் பட்டியலில் அதே மாதிரியின் அளவு கிடைத்தால் அடிக்கோலை எடுத்து அளந்துவிடுங்கள். பெட்டியின் அடி, உடல், கதவு, உச்சிக் கொடி எல்லாவற்றையும் தனித்தனியே பாருங்கள். அடியில் மட்டும் முத்திரை இருந்து, மேலே எங்கும் இல்லாமல், சேரும் இடத்தில் புதுப் பற்றாசு பளபளத்தால், இரண்டு பொருளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

மிஞ்சியது வாசகம். சாதாரண வெள்ளிக் கிண்ணத்தில் எபிரேய வரி ஒன்றைச் செதுக்கிவிட்டால் அது கித்தூஷ் கிண்ணமாகி, விலை பல மடங்காகிவிடும். செதுக்கலைக் கண்ணாடியில் பாருங்கள். பழைய கீறல்கள் எழுத்தின் மேல் ஓடினால் எழுத்து முந்தையது. எழுத்தின் கோடு பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு போனால், எழுத்து பின்னால் வந்தது. துடைத்துத் துடைத்துப் புடைப்பு வேலையெல்லாம் மழுங்கிய பெட்டியில் எழுத்து மட்டும் விரலுக்குக் கூராகத் தட்டுப்பட்டால், அது நேற்று வெட்டியது.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று சிலர் சட்டென முடிவுகட்டுவார்கள். அது தவறு. ஜெர்மானிய நகரங்களில் வெள்ளி வேலைக்காரர் சங்கத்தில் யூதருக்கு இடம் கிடையாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆக்ஸ்பர்க், நியூரம்பெர்க், ஃப்ராங்க்ஃபர்ட் ஊர்களில் இவற்றைச் செய்தவர்கள் எபிரேயம் அறியாத கிறிஸ்தவர்கள். தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போவது இயல்பு. ஆனால் பிழையே இல்லாத, இன்றைய கணினி எழுத்துரு போன்ற வாசகம் '18ஆம் நூற்றாண்டு' கிண்ணத்தில் இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது.

கேள்வி: தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) சுருளிலிருந்து வெட்டிய ஒரு பத்தியைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். 400 ஆண்டுப் பழமையாம். கார்பன் சோதனைச் சான்றிதழும் இருக்கிறது.

வாங்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. படிக்க உதவாத சுருளை ஒதுக்கி வைப்பதோ புதைப்பதோதான் யூத மரபு. துண்டு போட்டு விற்பதால் இரண்டு இழப்பு: மரபை மதிக்கவில்லை, முழுச் சுருளிலிருந்து தெரிந்திருக்கக்கூடிய ஊரும் காலமும் தொலைந்துபோகின்றன.

சான்றிதழ் விஷயம். கார்பன் சோதனை தோலின் வயதைச் சொல்லும், எழுத்தின் வயதைச் சொல்லாது. சுமார் 1650க்குப் பிந்தைய பொருள்களில் அது காட்டும் காலவரம்பு மிக அகலமானது. 400 ஆண்டு என்று அடித்துச் சொல்ல அது போதாது. சுருளை எழுதிய பாணி, வரி எண்ணிக்கை, தோலைப் பதனிட்ட விதம், தாள்களைத் தைத்த நரம்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் நிபுணர் காலம் சொல்வார். கருஞ்சிவப்புத் தோல் பெரும்பாலும் கீழை நாட்டுச் சமூகங்களைக் காட்டும். வெளிர்நிறத் தோல் ஐரோப்பாவை.

1964இல் பிராகிலிருந்து லண்டனுக்கு 1,564 செக் நாட்டுச் சுருள்கள் வந்தன. எண் தகடு இட்டு உலகெங்கும் யூதச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டவை அவை. அப்படி எண் தகடுள்ள சுருள் விற்பனைக்கு வந்தால், விற்பவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய நூலில் ஒரு ஜெர்மானிய யூதச் சபை நூலகத்தின் முத்திரை இருக்கிறது. சிக்கலா?

இருக்கலாம். நாஜிகள் யூத நூலகங்களிலிருந்து நூல்களை லட்சக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் 1946இல் ஜெர்மனியின் ஒஃபன்பாக் நகரில் தொடங்கிய கிடங்கில் அவற்றைப் பிரித்து, வந்த நாடுகளுக்கே பெருமளவு திருப்பி அனுப்பினார்கள். உரியவர் எவரும் மிஞ்சாத நூல்கள் 1949 முதல் 'யூதப் பண்பாட்டு மறுசீரமைப்பு' அமைப்பின் வழியாக இஸ்ரேல், அமெரிக்க நூலகங்களுக்குப் போயின. அந்த அமைப்பின் ஒட்டுச்சீட்டு உள்ளட்டையில் இருந்தால் கவலை குறைவு. முறைப்படி பங்கிடப்பட்டதற்கு அதுவே அடையாளம். பங்கு பெற்ற நூலகம் பிறகு அதைத் தன் சேகரிப்பிலிருந்து கழித்ததற்கான முத்திரையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சபையின் முத்திரை மட்டும் இருந்து, அது எப்படி வெளியே வந்தது என்பதற்கு எதுவும் இல்லையென்றால் வேலை தொடங்குகிறது. முத்திரை, ஒட்டுச்சீட்டு, அலமாரி எண், பென்சில் குறிப்பு எல்லாவற்றையும் படமெடுங்கள். சுரண்டிய இடங்களை விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுரண்டிய இடம் மெலிந்து தெரியும். புற ஊதா ஒளியில் அழித்த முத்திரையின் நிழல் சில வேளை எழும். பிறகு ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலிருந்து நடத்தப்படும் இழந்த கலைப்பொருள் தரவுத்தளத்தில் தேடுங்கள். அந்தச் சபையின் இன்றைய வாரிசு அமைப்புக்கு எழுதுங்கள்.

நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் பற்றி 44 நாடுகள் ஏற்ற 1998ஆம் ஆண்டு வாஷிங்டன் கோட்பாடுகள் சட்டமல்ல, தனிநபரைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடுவோர் உண்டு. உண்மைதான். ஆனால் நல்ல ஏல நிறுவனம் அப்படிப்பட்ட நூலை உங்களிடமிருந்து பின்னால் எடுத்துக்கொள்ளாது. 'பின்காஸ்' எனப்படும் சபைப் பதிவேடுகளில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2021இல் ருமேனியா, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவாக்கியா சபைகளுக்குரிய 17 ஆவணங்களை நியூயார்க்கில் அரசு கைப்பற்றியது. பதிவேடு ஒரு சமூகத்தின் சொத்து. தனி ஆள் விற்றதாகச் சொன்னால் நம்புவது கடினம்.

இஸ்ரேலில் வாங்குவோர் கவனத்துக்கு: 1700க்கு முன் மனிதர் செய்த பொருள் அங்கே சட்டப்படி தொல்பொருள். வெளியே கொண்டுபோகத் தொல்லியல் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

கேள்வி: புகழ்பெற்ற ரப்பி (யூத மதகுரு) ஒருவரின் கையெழுத்துள்ள நூல் என்று பத்து மடங்கு விலை சொல்கிறார்கள்.

நூல் அசல், வெற்றுத் தாள் அசல், மை மட்டும் புதிது. இந்தத் தொழிலின் வழக்கமான சூத்திரம் இது. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த பழைய மை காலப்போக்கில் பழுப்பேறி, தாளுக்குள் இறங்கி மறுபக்கம் தெரியும். பழைய தாளின் பசை வலுவிழந்திருப்பதால், இன்று எழுதும் மை நார் நாராகப் பரவிவிடும். மடிப்பைக் கடக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பு உடைந்த பிறகு எழுதியிருந்தால் மை பிளவுக்குள் வழிந்து தேங்கியிருக்கும். வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகத்தின் 16 'சாக்கடல் சுருள்' (சாக்கடல் பக்கம் கிடைத்த பழங்கால யூதச் சுவடிகள்) துண்டுகளும் போலி என்று 2020இல் முடிவானபோது, பழந்தோலின் விரிசல்களுக்குள் தேங்கிய மையும் காட்டிக்கொடுத்தவற்றுள் ஒன்று.

கடிதமென்றால் தேதியைச் சோதியுங்கள். எபிரேயத் தேதியைக் கிழமையாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. சனிக்கிழமை விழுந்தால் கதை முடிந்தது. எந்த ரப்பியும் ஓய்வுநாளில் பேனா தொடமாட்டார். அந்த வாரம் படிக்கும் தோராப் பகுதியின் பெயரைத் தேதியாகக் குறித்திருந்தால் அதுவும் பொருந்த வேண்டும். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் தலைவர்கள் எழுதியதாக முதல் உலகப் போர்க் காலத்தில் வெளிவந்த கெர்சன் கடிதங்களைப் பக்தர்கள் பலர் நம்பினார்கள். ஆய்வாளர்கள் அவற்றைப் போலி என்றே ஒதுக்கினார்கள். பக்தி விலையை ஏற்றும் இடத்தில் சோதனையும் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்கட்டும்.

கேள்வி: இத்தாலிய நூல் ஒன்றின் அட்டைக்குள் எபிரேயச் சுவடித் துண்டு தெரிகிறது. பிரித்து எடுக்கலாமா?

கூடாது. பழைய தோல்சுவடிகளை அட்டை கட்டப் பயன்படுத்தியது அந்நாளில் சாதாரணம். எந்த ஊர்ப் பதிவேட்டின் அட்டையில் இருந்தது என்பதுதான் துண்டின் முகவரி. படமெடுத்து ஒரு நூலகத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: சிறு பணத்தில் எங்கே தொடங்குவது?

2023இல் சசூன் சுவடி என்ற பழைய எபிரேய பைபிள் 3.81 கோடி டாலருக்குப் போன செய்தியை மறந்துவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டு வில்னா, வார்சா அச்சு நூல்கள் ஏராளம், விலையும் கையடக்கம். போருக்குப் பின் அகதி முகாம்களில் மட்டமான தாளில் அச்சான ஹகதாக்களும் வழிபாட்டு நூல்களும் இன்னும் சுவையான களம். ஒரே ஊர், ஒரே அச்சகம், ஒரே வகை நூல் என்று குறுக்கிக்கொண்டால் சீக்கிரம் கண் பழகும். ஏலத்தில் சுத்தியல் விலைக்கு (சுத்தியல் தட்டி முடிக்கும் விலை) மேல் வாங்குவோர் கட்டணமாக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சேரும். அதைக் கழித்துவிட்டு உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எப்படிப் பாதுகாப்பது?

தாளும் தோலும் 18 முதல் 20 டிகிரி வெப்பம், 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் நிலையாக இருக்க வேண்டும். ஏறி இறங்கினால் தோல் சுருண்டு எழுத்து உதிரும். காட்சிக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம். அமிலமில்லா அட்டைப்பெட்டி போதும். ஒட்டுநாடா, லேமினேஷன், ரப்பர் பட்டை மூன்றும் ஆகாது. ரப்பரிலும் கம்பளியிலும் உள்ள கந்தகம் வெள்ளியையும் கறுக்கவைக்கும். வெள்ளியை முக்கியெடுக்கும் திரவத்தில் போடாதீர்கள். பள்ளங்களில் தங்கிய கறுப்பும் தங்க முலாமும் ஒருசேரப் போய்விடும். மெல்லிய துணியால், மிக அரிதாகத் துடையுங்கள். சுருள்களைத் தளர்வாகச் சுற்றிக் கிடையாக வையுங்கள். புழு உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால் நூலை உறையிலிட்டு மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். காகித நூலென்றால் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறையவைப்பது வழக்கம். தோல்சுவடிக்கு அதைச் செய்யாமல் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.