காரியஸ்தர் காட்ரிக்கை விட்டுவிடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 2016-ல் வீடு வாங்கினேன். இப்போது விற்கப் போனால், நிலத்தடிக் கனிமம் தன்னுடையது என்று மேனர் (பழைய நிலப்பிரபுத்துவப் பண்ணை) ஒன்றின் பிரபு 2013 செப்டம்பரிலேயே நிலப் பதிவகத்தில் பதிந்த நோட்டீஸைக் காட்டி, வாங்க வந்தவர் பின்வாங்குகிறார். நார்மானிய மன்னர் வில்லியம் 1086-ல் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டைத் தேடிப் படித்தேன். எங்கள் மேனர் ஏர்ல் ரால்ஃபுடையது. 1075-ல் அவர் கலகம் செய்து தோற்று ஓடியபின், வில்லியம் அதைப் பறித்து, ரால்ஃபின் காரியஸ்தர் காட்ரிக்கிடமே பார்த்துக்கொள்ளக் கொடுத்தார். காரியஸ்தர் கையில் கிடந்த நிலத்துக்கு இவர் எப்படிப் பிரபுவானார்? நார்மானியர் வாளால் பிடுங்கியதற்கு நான் ஏன் பணிய வேண்டும்? இதையெல்லாம் அவர்களுடைய வக்கீலுக்கு எழுதிவிட்டேன். காப்பகத்தில் கிடைத்த மேனர் நீதிமன்றச் சுருளின் (மேனரின் நிலப் பதிவுகளை எழுதிய ஏடு) படத்தையும் அனுப்பப் போகிறேன்.

பதில்: அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். இனி ஒரு வரிகூட நீங்களாக எழுதாதீர்கள்.

வில்லியம் செய்தது நியாயமா என்பதை எந்தத் தீர்ப்பாயமும் விசாரிக்காது. காட்ரிக்கும் உங்களுக்கு உதவமாட்டார். மன்னருக்காக அவர் பார்த்துக்கொண்ட நிலங்கள் பதிவேட்டில் ஓரிடத்திலும், அவருடைய சொந்த நிலங்கள் அவர் பெயரிலேயே வேறோரிடத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. நிர்வகித்தவர் உரிமையாளர் அல்ல என்று அன்றே தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அப்படியானால் உரிமை மன்னரிடம் இருந்தது. அவர் யாருக்கும் கொடுத்திருக்கலாம். உங்கள் வாதத்தால் உரிமை கைமாறி வந்த சங்கிலி எங்கும் அறுபடவில்லை.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். மேனர் உரிமைகள் 2013 அக்டோபர் 13 முதல் பதிவில்லாமலே நிலத்தைக் கட்டுப்படுத்தும் தகுதியை இழந்தன. அதற்குப் பின் விலைக்கு வாங்கியவரை, நோட்டீஸ் இல்லாவிட்டால், அவை தொடாது. உங்கள் விஷயத்தில் நோட்டீஸ் முந்திவிட்டது. ஆனால் நோட்டீஸ் இருப்பதாலேயே உரிமை இருப்பதாகாது. மேனர் தன்னிடம் வந்த வழியையும், உங்கள் மனை அந்த மேனரின் காப்பிஹோல்டு நிலமாக, அதாவது பிரபுவின் கீழ் மேனர் சுருளின் பதிவின்படி குடியானவர் வைத்திருந்த நிலமாக, இருந்ததையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் பெரும்பாலும் அவர்களுக்குக் கடினம். அத்தகைய நிலம் கைமாறும்போது குடியானவர் ஒரு கோலின் நுனியைப் பிடிக்க, மேனரின் காரியஸ்தர் அவரை நிலத்தில் சேர்த்துக்கொண்டு சுருளில் எழுதுவார். அந்த வரியின் நகல்தான் பத்திரம். 1926-ல் இம்முறை ஒழியும்வரை அப்படித்தான். நீங்கள் படமெடுத்து வைத்திருப்பது உங்கள் மனைக்கான அதே வரி. எதிராளி தேடி அலைய வேண்டிய சாட்சியத்தை, கோபத்தில், நீங்களே தேடிக் கொடுக்கப் போகிறீர்கள். ‘எங்கள் மேனர்’ என்று கடிதத்தில் எழுதியதே பாதி ஒப்புதல். இப்படி வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வழக்கைத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். அவர்கள் கொண்டுவந்த ஆவணங்கள் உண்மையானவை, உழைத்துத் தேடியவை.

ஆவணத்தை ஒளிக்கவும் சொல்லவில்லை. நிலப் பதிவகத்தில் யுஎன்4 என்ற படிவம் போட்டு நோட்டீஸை ரத்து செய்யக் கேட்டால், அவர் ஆட்சேபிப்பார். சமரசம் ஆகாவிட்டால் விஷயம் தீர்ப்பாயம் போகும். அங்கே உங்களுக்குப் பாதகமான ஆவணத்தையும் காட்டியாக வேண்டும். தோற்றவர் எதிர்த்தரப்புச் செலவையும் கட்டுவதே அங்கு வழக்கம். வீட்டு விற்பனை அதுவரை முடங்கிக் கிடக்கும். இத்தகைய உரிமைக் கோரலுக்கு எதிராக எடுக்கும் இழப்பீட்டுக் காப்பீடும் உங்களுக்குக் கிடைப்பது அரிது. உரிமை கோருபவரைத் தொடர்புகொண்டவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பாலிசி தருவதில்லை. அந்தக் கதவை உங்கள் கடிதம் சாத்திவிட்டது.

அந்த உரிமையின் அளவையும் பாருங்கள். காப்பிஹோல்டு நிலத்தில் கனிமம் பிரபுவுடையது, அனுபோகம் உங்களுடையது. அந்த மேனரில் தனி வழக்கம் இருந்தாலொழிய, உங்கள் சம்மதமின்றி அவர் இறங்கித் தோண்ட முடியாது. நீங்களும் அவர் சம்மதமின்றிச் சரளை எடுத்து விற்க முடியாது. அவருக்கும் இதில் பெரிய லாபம் இல்லை. ஆகவே பேசி முடியுங்கள். ஒரு வக்கீல் மூலம், உரிமையை ஒப்புக்கொள்ளாமல், ‘சமரசப் பேச்சு, சாட்சியமாகாது’ என்ற குறிப்புடன் ஒரு தொகையைச் சொல்லுங்கள். விடுதலைப் பத்திரத்தோடு, நோட்டீஸை அவரே நீக்கும் யுஎன்2 படிவத்திலும் கையெழுத்து வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.