திரை, தொலைக்காட்சி, இசைக் கலைஞர்களைப் பற்றி உங்களை அசர வைத்த தகவல் எது?

ஒரே ஒரு தகவல்தான் சொல்லலாம் என்றால் யோசிக்காமல் டோனி அயோமியைச் சொல்வேன். பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர், கனத்த ஒலி கொண்ட ராக் இசையான ஹெவி மெட்டலுக்கு வித்திட்டவர்களில் ஒருவர். அவருடைய வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது.

வலது கைதானே, கம்பியை அழுத்துவது இடது கை ஆயிற்றே என்று தோன்றலாம். அயோமி இடது கைக்காரர். அவர் கம்பியை அழுத்துவதே அந்த வலது கையால்தான்.

1965, இங்கிலாந்தின் பர்மிங்காம். அவருக்கு 17 வயது. உலோகத் தகடு தொழிற்சாலையில் அன்றுதான் கடைசி நாள். இசைக் குழுவோடு ஊர் சுற்றக் கிளம்ப வேண்டும். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பி வைத்திருக்கிறார். ஒரு இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத இவரை அதில் நிறுத்தினார்கள். அழுத்தும் தகடு கை மேல் இறங்கியது, இவர் பதறிக் கையை இழுத்தார், நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. இனி கிதாரை மறந்துவிடு என்றார்கள் மருத்துவர்கள்.

அவரைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: இதை வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், இடது கையில் இரண்டே விரல்களை வைத்துக்கொண்டு இந்தத் தனி வாசிப்புகளை வாசித்தவர். 1928இல் அவர் வசித்த வண்டி வீடு தீப்பற்றியதில் மற்ற இரண்டு விரல்களும் கிட்டத்தட்ட செயலிழந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 18.

அப்புறம் அயோமி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சூடான கம்பியால் துளை போட்டு, விரலுக்குப் பொருந்தும் வரை தேய்த்து இரண்டு தொப்பிகள் செய்துகொண்டார். பிளாஸ்டிக் வழுக்கியது. அதனால் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி மேலே ஒட்டினார். தடித்த கம்பிகளை அழுத்தினால் வலி. மெல்லிய கிதார் கம்பி அப்போது கடையில் எளிதாகக் கிடைக்காது, பாஞ்சோ என்ற வேறொரு கம்பி வாத்தியத்தின் கம்பிகளை மாட்டிக்கொண்டார். 1971 வாக்கில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கிவிட்டார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு இதம். கூடவே ஒலி கனத்தது. இன்றைக்கு மெட்டல் குழுக்கள் சர்வசாதாரணமாகச் சுருதியை இறக்கி வாசிக்கின்றன. அந்த வழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் இந்த இரண்டு விரல்கள் வந்து நிற்கும்.

நானும் கொஞ்சம் கிதார் வாசிப்பவன். இதைப் படித்த அன்று அதே இரண்டு விரல்களிலும் தடிமனான டேப்பைச் சுற்றிக்கொண்டு முயன்று பார்த்தேன். விரல் கம்பியைத் தொட்டதா என்பதே தெரியவில்லை. தெரிந்த ஒரு எளிய கார்டைப் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடிக்கக்கூட ஒவ்வொரு முறையும் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இந்த நிலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவர் மேடையில் வாசித்திருக்கிறார்.

திரையுலகில் என்றால் ஹெடி லமார். 'வைஃபையைக் கண்டுபிடித்த நடிகை' என்று அடிக்கடி பகிர்கிறார்கள். அது மிகை. உண்மையே போதுமான அளவு வியப்பானது. 1914இல் வியன்னாவில் பிறந்து ஹாலிவுட்டில் உச்ச நட்சத்திரமான அவரும், ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1942இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். நீருக்கடியில் பாயும் ஆயுதமான டார்பிடோவை வானொலி அலையால் இயக்கும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க, அனுப்புகிற கருவியும் வாங்குகிற கருவியும் ஒரே நேரத்தில் அலைவரிசை தாவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது யோசனை. இரண்டையும் எப்படி ஒத்திசைப்பது? ஆன்தைல் ஏற்கெனவே தானியங்கிப் பியானோக்களுக்கு இசையமைத்தவர். அந்தப் பியானோக்களில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 88 அலைவரிசைகள், பியானோவின் 88 கட்டைகளைப் போல! அமெரிக்கக் கடற்படை அப்போது நடந்த இரண்டாம் உலகப் போரில் இதைப் பயன்படுத்தவில்லை. அலைவரிசை தாவும் எண்ணம் அவர்களுக்கு முன்பே சிலரிடம் இருந்ததும் உண்மைதான். ஆனால் இன்றைய புளூடூத் அதே தாவல் கொள்கையில்தான் இயங்குகிறது.

குயீன் ராக் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1970களில் பாதியில் விட்ட ஆய்வை 2007இல் முடித்தார். அவருடைய கிதாரை அவரும் அப்பாவும் வீட்டிலேயே செய்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது. கழுத்துப் பகுதி, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம். அதில் பதித்த வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பி பொத்தான்கள்.

மிஸ்டர் பீன் ரோவன் அட்கின்சன் மின் பொறியியல் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். அவருக்குத் திக்குவாயும் உண்டு. வேறொரு பாத்திரமாக மாறிப் பேசும்போது அது பெரும்பாலும் விலகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

திக்குவாய் என்றதும் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸை விட்டுவிட முடியாது. ஸ்டார் வார்ஸ் படங்களில் டார்த் வேடரின் இடிக்குரல் அவருடையது. அவர் சிறுவயதில் சுமார் எட்டு ஆண்டுகள் அநேகமாகப் பேசவே இல்லை, திக்குமே என்ற கூச்சம். உயர்நிலைப் பள்ளியில் ஒரு ஆசிரியர் அவர் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்தார். கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றிய கவிதை. இவ்வளவு நன்றாக இருக்கிறதே, நீதான் எழுதினாய் என்றால் வகுப்பு முன்னால் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டு என்றார். பையன் எழுந்து நின்று முழுக் கவிதையையும் சொன்னான். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை.