"பால் கொடுத்தீங்களாம்மா?"

கேள்வி: எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன். ஹார்மோன் சம்பந்தப்பட்ட கேஸ் வந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. ஹார்மோன் மருத்துவமான எண்டோகிரைனாலஜி படிக்கிறேன் என்றால், "சுகர் டாக்டர் ஆக இத்தனை வருஷமா? சர்ஜரி எடு" என்கிறார் அப்பா. ஏன் பிடிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: எனக்கு இந்தத் துறை பிடித்துப்போன நாளைச் சொல்கிறேன்.

நான் எம்.டி. படித்தபோது வார்டில் ஓர் அம்மா இருந்தார். ஓயாத அசதி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். ரத்தசோகை என்று பல வருஷமாகச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்து, நார்மல் என்று அனுப்பியிருந்தார்கள். இப்போது வாந்தி, மயக்கம், ரத்தத்தில் சோடியம் குறைவு. எங்கள் பேராசிரியர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "கடைசிக் குழந்தைக்குப் பால் கொடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாலே சுரக்கலை சார். பிரசவத்துல ரத்தம் நிக்கவே இல்லை. அப்புறம் மாசாமாசம் வர்றதும் நின்னுபோச்சு."

இதற்குப் பெயர் ஷீஹான் சிண்ட்ரோம். பால் சுரப்பு, மாதவிடாய், தைராய்டு எல்லாவற்றையும் மூளைக்கு அடியிலிருந்து இயக்கும் சுரப்பி பிட்யூட்டரி. கர்ப்பத்தில் பெருத்திருக்கும் அது, ரத்தப்போக்கால் ரத்த ஓட்டம் கிடைக்காமல் செத்துப்போகிறது. டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏற வேண்டும். ஏறாமல் 'நார்மலாக' நின்றால் கோளாறு கழுத்தில் இல்லை, தலைக்குள். ரத்தத்தில் தைராக்ஸின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4 பார்த்தோம்; மிகக் குறைவு. ஆனாலும் பேராசிரியர் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன்தான் போட்டார்; பிட்யூட்டரி செத்தால் குறைந்துபோகும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலுக்கு ஈடான மருந்து அது; தைராக்ஸின் அதற்குப் பிறகே. வரிசை மாறினால் கார்ட்டிசால் பற்றாக்குறை முற்றி உயிருக்கே ஆபத்து. மூன்றாம் நாள் காலை போனால், அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் யாரும் கேட்காத ஒரு கேள்வி!

உங்களை இழுப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நோயாளி சொல்லும் கதையும் லேப் ரிப்போர்ட்டும் ஒன்றோடொன்று பொருந்துகிற அந்த நிமிஷம். அதைவிட, இல்லாத ஹார்மோனைக் கொடுத்தால் ஆளே திரும்பி வருகிற அதிசயம்.

சரி, அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஓ.பி.யில் பெரும்பாலும் சர்க்கரையும் தைராய்டும்தான். ஷீஹான் தினமும் வராது. ஆனால் சர்க்கரையைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, உடலில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் காப்பாற்ற முடிந்தது.

பாதை நீளம்தான்: எம்.டி. மூன்று வருஷம், நீட் எஸ்.எஸ். என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம் டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு மூன்று வருஷம். அதற்கு முன்னால் எண்டோகிரைன் ஓ.பி.யில் ஒரு வாரம் உட்கார அனுமதி கேளுங்கள். நாற்பதாவது சர்க்கரை நோயாளியையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, குனிந்து பாதத்தைப் பார்க்க மனசு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எழுதுங்கள், உங்கள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.