மத்தியானத்து நாய்

ஐயா,

வணக்கம். உங்கள் பக்கத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.

மூன்று வருடத்துக்கு முன் மும்பை முலுண்ட் ஸ்டேஷன் பக்கம் மழையில் நனைந்து கிடந்த தெருநாய்க் குட்டி ஒன்றை எடுத்து வந்தேன். காஜு என்று பெயர் வைத்தோம். ஊசி, குளியல், காலை நடை, சாப்பாடு எல்லாம் நான்தான். போன வருடம் மாமனார் காலமான பிறகு, திருநெல்வேலிப் பக்கம் கிராமத்திலிருந்து அத்தையை (மாமியார்) எங்கள் பதினோராவது மாடி ஃபிளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். அவருக்கு நாய் என்றாலே ஆகாது. ஒரு பிஸ்கட்கூடப் போட்டதில்லை. “ஏட்டி, வழிய விட்டுப் படு” என்று விரட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் காஜு அவர் காலடியிலேயே கிடக்கிறாள். காலை எட்டுக்குக் கிளம்பும் நான் இரவு எட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இரண்டு தரம் வாலை ஆட்டிவிட்டுத் திரும்பவும் அத்தை அறை வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். (டாக்டரிடம் கூட்டிப் போனால் மட்டும் என் காலுக்கு நடுவில் புகுந்துகொள்வாள். காரியக்காரி!) இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்று வேதனையாக இருக்கிறது. நாய் ஒருவரை மட்டும்தான் எஜமானாக ஏற்குமா? நான் எதில் குறை வைத்தேன்? ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி ஜாதி நாய் வாங்கியிருந்தால் விசுவாசமாக இருந்திருக்குமோ? கொஞ்ச நாள் கண்டுகொள்ளாமல் இருந்து ஏங்கவைக்கலாமா, இல்லை சாக்லேட் மாதிரி விசேஷமாக ஏதாவது கொடுத்துப் பழக்கலாமா?

பெயர் வேண்டாம், முலுண்ட்

அன்புள்ள முலுண்ட் வாசகிக்கு,

நாலு மாதமாகப் பதில் போடாத இலக்கியக் கடிதங்கள் என்னிடம் கிடக்கின்றன. அவர்களெல்லாம் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தில் ‘நன்றி’ என்ற சொல்லைப் பார்த்ததும் அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கி இருக்கிறது.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம். சாக்லேட் நாய்க்கு விஷம். அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பு மெதுவாகத்தான் கழிக்கும். அளவு மீறினால் இதயத்தைப் படுத்தும், உயிரையே வாங்கும். வீட்டில் இருந்தால் மேல் தட்டில் வையுங்கள். ஏங்கவைப்பது டிவி சீரியலில் எடுபடும், நாயிடம் எடுபடாது. ஜாதி நாய் பற்றிக் கேட்டதைப் படிக்காதது மாதிரி இருந்துவிடுகிறேன். ஒரே எஜமான் கதையும் அப்படித்தான். நாய் வீட்டிலுள்ள எல்லோரோடும் ஆளுக்கொரு விதமாகப் பழகும், ஒருவரிடம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். நம் வீட்டுக் குழந்தைகள் மாதிரி.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். டாக்டரிடம் போனால் உங்கள் காலுக்கு நடுவில் புகுந்துகொள்கிறாள் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, கூடவே ‘காரியக்காரி’ என்று ஒரு பட்டமும் கொடுத்திருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான், அம்மா! அமெரிக்காவில் எரிகா ஃபியூயர்பேக்கர், கிளைவ் வின் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். நாயை வளர்ப்பவர் ஒரு பக்கம், முன்பின் தெரியாத ஆள் ஒரு பக்கம், இரண்டு பேரும் தடவிக்கொடுக்கத் தயார். நாய் யாரிடம் போகிறது? பழகிய வீட்டுக்குள் நடத்தினால் பெரும்பாலும் அந்நியரிடமே கூடுதல் நேரம் நின்றது. ஊர் பேர் தெரியாத இடத்தில் நடத்தினால் பெரும்பாலான நேரம் வளர்ப்பவரோடேயே இருந்தது. வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது அதற்குக் கேள்வியே இல்லாத விஷயம். தரை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டா நடக்கிறோம்? மருந்து நெடி அடிக்கும் ஒரு அறையில், நாலு நாய் ஊளையிடும்போது காஜு தேடிப் புகுந்த இடம் எது? அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு தரம் ஆட்டிய வாலை வைத்துப் பார்க்காதீர்கள்.

கணக்கு என்று நானே எழுதிவிட்டேன். அதுதான் வியாதி. நாயை ‘நன்றியுள்ள பிராணி’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறார்கள். சோறு போட்டாய், வாலாட்டியது, வரவும் செலவும் சரி. வாலாட்டாவிட்டால் உடனே ‘நன்றி கெட்ட நாய்’. இது வட்டிக்கடைக்காரன் பார்வை. பழைய தமிழ் இப்படிப் பார்த்ததா என்றால், எல்லா இடத்திலும் இல்லை. நாலடியாரில் ஒரு பாட்டு. பல காலம் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும், தன்மேல் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதே நாய் வாலைக் குழைக்கும், அதனால் நாய் போன்றவர்களோடு சேர் என்கிறது. அதை வைத்து நன்றியைப் பற்றிப் பத்து மேடைப் பேச்சாவது கேட்டிருப்பேன். பாட்டில் நன்றி என்ற சொல்லே கிடையாது. நண்பு, கேண்மை, அவ்வளவுதான். கேண்மையில் கடன் பாக்கி ஏது? வேல் எறிந்தவனுக்கு நாய் என்ன பாக்கி வைத்திருந்தது?

நாற்பது வருடம் இந்த ஊர் கோட்டைப் பகுதியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். என் முதல் முதலாளி ஒரு பார்சிக் கிழவர். 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்லச் சொன்ன வெள்ளைக்கார உத்தரவை எதிர்த்து இதே கோட்டைத் தெருக்களில் பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்ததையும், பட்டாளம் வந்துதான் அதை அடக்கியதையும் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார். அவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. இறந்தவர் உடலுக்கு முன்னால் நாயைக் கொண்டுவந்து பார்க்க வைப்பார்கள். ‘சக்தீத்’ என்று பெயர். சக் என்றால் நாய், தீத் என்றால் பார்வை. அந்த நாய் இறந்தவர் கையால் ரொட்டி தின்ற நாயாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அது பார்த்தால் போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. என் சித்தப்பா கதை.

தாராவி லேபர் கேம்ப்பில் எங்கள் வீடு. வீடு என்பதே இட்லிக்கடைதான். ராத்திரி முழுக்க மாவு பொங்கும், விடியக்காலம் மூன்று மணிக்கு அம்மா முதல் ஈடு வைப்பாள். ஐந்து மணிக்கு சித்தப்பா தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் அலுமினிய அண்டாவை ஏற்றி, ஒரு கையில் சட்னித் தூக்கும் இன்னொரு கையில் பாம்பாம் ஹாரனுமாகக் கிளம்பினால் மாட்டுங்கா, சயான் எல்லாம் சுற்றிவிட்டு ஒரு மணிக்குத்தான் திரும்புவார். சித்தி செத்துப் போன பிறகு ஊரிலிருந்து வந்தவர். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் எட்டு ‘இட்லி’.

சந்தில் ஒரு செவலை நாய் இருந்தது. உடைந்த இட்லியெல்லாம் அதற்குத்தான், அம்மா கையால். அம்மா அதை ‘ஏ நாயி’ என்பாள். நான் டைகர் என்று பெயர் வைத்திருந்தேன். சித்தப்பா பெயரெல்லாம் வைக்கவில்லை, நாக்கை ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். ஒரு விள்ளல் இட்லி போட்டு நான் பார்த்ததில்லை. காலையில் அவர் பின்னாலேயே அடுத்த சந்து நாய்களின் எல்லை வரை போய் நின்று, ஹாரன் சத்தம் ஓய்ந்த பிறகு திரும்பும்.

கிரைண்டர் வந்ததிலிருந்து வேலையில்லாமல் எங்கள் ஆட்டுரல் வாசலில் கிடந்தது. அதில் உட்காரக்கூடாது என்று அம்மா கத்துவாள். சித்தப்பா சாப்பிட்டுவிட்டு சரியாக இரண்டு மணிக்கு அதில்தான் உட்காருவார். வெடித்த பாதத்தைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொள்வார். சும்மாட்டுத் துணியை அவிழ்த்துப் பக்கத்தில் தரையில் போடுவார். நாய் எங்கிருந்தோ வந்து அந்தத் துணியில் முகவாயை வைத்துப் படுக்கும். தலைவேர்வையும் இட்லி ஆவியும் ஊறிய துணி. (பன்னிரண்டு நாய்களை ஸ்கேன் யந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, பழகிய மனிதரின் வாடைக்குத்தான் அவற்றின் மூளையில் இன்பத்தை எதிர்பார்க்கும் பகுதி மற்ற வாடைகளைவிடக் கூடுதலாக வேலை செய்கிறது என்று கண்டவர் கிரெகரி பெர்ன்ஸ். நான் அதை அந்த வாசலில் இலவசமாகப் பார்த்தேன்.) சித்தப்பாவின் இடது கை அதன் முதுகில் கிடக்கும். தடவுவதுகூட இல்லை, சும்மா கிடக்கும். நாலு மணி வரை.

எனக்குப் பன்னிரண்டு வயது. பொறாமை என்றால் உங்களுக்கு வந்திருக்கிறதே அந்த மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தட்டிலிருந்த நல்லி எலும்பை, உறிஞ்சாமல், டவுசர் பையில் ஒளித்துக் கொண்டுபோய் அதற்குக் கொடுத்தேன். என் விரலில் பல் படாமல் பக்குவமாக வாங்கிக்கொண்டது. நேராக ஆட்டுரலுக்குப் போனது. சித்தப்பா காலில் முதுகை முட்டுக்கொடுத்துப் படுத்து, எலும்பை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்தி அரை மணி நேரம் கடித்தது. டவுசர் பையில் எண்ணெய்க் கறை பட்டதற்கு அம்மாவிடம் வாங்கியது தனி.

பிறகு சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாய் பட்டினி கிடந்தது என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. அம்மா போட்டதையெல்லாம் மிச்சம் வைக்காமல் தின்றது. இரண்டு மணிக்கு மட்டும் வந்து ஆட்டுரல் பக்கத்தில் படுத்தது, நாலு மணிக்கு எழுந்து உதறிக்கொண்டு போனது. ஒன்பது நாளும். அதோடு சித்தப்பாவுக்கு பம்பாய் போதும் என்றாகிவிட்டது, ஊருக்கே போய்விட்டார். மூன்று வாரத்தில் நாய் சந்து முனையில் இஸ்திரி போடும் பையாவின் வண்டிக்குக் கீழே குடியேறிவிட்டது. “நன்றி கெட்ட நாய்” என்றாள் அம்மா. நானும் சேர்ந்து சொன்னேன். சித்தப்பாவுக்காக எனக்கு அப்படி ஒரு கோபம்.

எட்டு வருடம் கழித்து ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது அதை அவரிடம் போட்டுக்கொடுத்தேன். ஆத்திரப்படுவார் என்று நினைத்தேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார், “மத்தியானமுமா?” ஆமாம் சித்தப்பா, மத்தியானமும் அங்கேதான், பையா வண்டி நிழலில் தூங்குவான், அதுவும் பக்கத்தில் தூங்கும் என்றேன். “அப்பஞ் சரி” என்றார்.

கொல்கத்தா ஐசர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை வைத்து 2017-ல் ஒன்றைக் காட்டியது. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து சாப்பாடு கொடுப்பதைவிட, தலையைத் தடவிக்கொடுத்தால்தான் நாய்கள் அவரைக் கூடுதலாக நம்புகின்றன. நம் தெரு நாய்கள், உங்கள் காஜுவின் அக்கா தங்கைகள். நீங்கள் எதில் குறை வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதிலும் வைக்கவில்லை. வீட்டில் இல்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம் நீங்கள் ரயிலிலும் ஆபீஸிலும் இருக்கிறீர்கள். அதில் தப்பில்லை, அந்தச் சம்பளத்தில்தானே ஊசியும் சாப்பாடும். வந்ததும் கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கால்மணி நேரம் தரையில் உட்காருங்கள். கூப்பிடாதீர்கள், கொஞ்சாதீர்கள். வந்தால் வரட்டும்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வீட்டில் இருப்பது யார் என்று ஒரு வரியாவது எழுதினீர்களா? கணவரைப் பறிகொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் பேசிவிட்டுப் போகும் ஊரிலிருந்து பதினோராவது மாடிக்கு வந்திருக்கிறார். பக்கத்து ஃபிளாட்டில் குஜராத்தியா, மராத்தியா? லிஃப்டில் யாரிடம் என்ன பேசுவார்? நாயைப் பற்றி இரண்டு பக்கம் புலம்ப முடிந்த உங்களுக்கு அத்தையைப் பற்றி எழுதக் கிடைத்தது ‘நாய் என்றாலே ஆகாது’ மட்டும்தானா?

நீங்கள் நெல்லைக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் உங்களுக்கே கேட்டிருக்கும். எங்கள் பக்கம் நாயை விரட்டுகிறவர்கள் ‘ச்சீ’ என்பார்கள், ‘ச்சூ’ என்பார்கள், கல்லைத் தேடுவதுபோலக் குனிவார்கள். ‘ஏட்டி’ என்று யாரும் நாயை விரட்டி நான் கேட்டதில்லை. அது மகளைக் கூப்பிடுவது, தங்கச்சியைக் கூப்பிடுவது, கூடப் படித்தவளை ஆற்றங்கரையில் கூப்பிடுவது. ‘வழிய விட்டுப் படு’ என்றால் போ என்று அர்த்தமில்லை, இங்கேயே படு, கொஞ்சம் தள்ளி என்று அர்த்தம். உங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்களை எத்தனை தரம் ‘ஏட்டி’ என்றிருக்கிறார்?

அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். காஜுவை விடுங்கள், அவள் சௌக்கியமாகத்தான் இருக்கிறாள்.