எந்த ஐ7 என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேமிங் கம்ப்யூட்டர்தான். பரீட்சை முடிந்துவிட்டது போலிருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: 50,000 ரூபாய் இருக்கிறது. மானிட்டரும் இதற்குள் வர வேண்டும். வலோரன்ட், ஜிடிஏ 5 ஓடினால் போதும். பக்கத்துக் கடையில் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினெட் எல்லாம் சேர்த்து 27,000 என்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம் தம்பி. எந்த ஐ7 என்று கேட்டீர்களா? அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது 3770 ஆகத்தான் இருக்கும். முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். ஏதோ ஆபீசில் உழைத்து ஓய்ந்த ப்ராசஸரை, பெயர் தெரியாத புது மதர்போர்டில் ஏற்றி, கண்ணாடிக் கேபினெட்டுக்குள் வைத்து நான்கு ஃபேனுக்கும் லைட் போட்டுவிட்டால் பையன்கள் மயங்கிவிடுகிறார்கள். விண்டோஸ் 11, இந்த இரண்டையும் போல இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஏதாவது குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள், ஆனால் வலோரன்ட் அதில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கேம் திறக்காது. அப்புறம் அந்த 4 ஜிபி கார்டு. அது ஜிடி 730 என்றால் 2014 மாடல். குடம் பெரிதாக இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வந்துவிடாது. கார்டின் பெயரைக் கேளுங்கள், ஜிபியைக் கேட்காதீர்கள்.

மானிட்டரையும் சேர்த்து 50,000 என்றால் இப்போதைக்கு நான் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் பக்கம்தான் போவேன். உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, வலோரன்ட் தாராளமாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்கைக் குறைத்து வைத்தால் ஓடும். கூடவே ஒழுங்கான எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் தரும் பெட்டி) ஒன்றை இப்போதே போட்டுவிட்டால் அடுத்த வருஷம் கார்டு மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒரு குறை சொல்லிவிடுகிறேன்: 5600ஜி-யில் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 16 எம்பி, ஜி இல்லாத 5600-இல் 32 எம்பி. அதனால் பிறகு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு வராது. மானிட்டர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் கதையே வேறு. அப்போது 5600 அல்லது ஐ5-12400எஃப் எடுத்து, மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கு ஒதுக்குங்கள். இந்த இரண்டிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு மதர்போர்டு செத்துவிட்டது என்று எழுதுபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியும் கேம் முன்பு ஓடியது போலவேதான் ஓடுகிறது. கார்டு டூப்ளிகேட்டா? (தக்கலை)

பதில்: மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து பிடுங்கி கார்டில் செருகுங்கள்.

கேள்வி: கேபினெட்டோடு வந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது. 5600 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 6600 கார்டு. கேம் நடுவில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கடைக்காரர் ரேமை மாற்றச் சொல்கிறார். (களியக்காவிளை)

பதில்: ரேமைத் தொடாதீர்கள். கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே பெரிதாக 500 என்று இருக்கும், அதை விடுங்கள். கீழே ஒரு சின்ன அட்டவணை இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டிகளில் 16 ஆம்பியர் என்று நானே பார்த்திருக்கிறேன். 192 வாட், அவ்வளவுதான்! இன்றைய ப்ராசஸரும் கார்டும் கிட்டத்தட்ட முழுக் கரண்டையும் அந்த 12 வோல்ட்டில்தான் இழுக்கின்றன. 6600 மட்டும் 132 வாட், 5600 முழு வேகத்தில் 76 வரை போகும், சேர்த்தால் 208. ஃபேன், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை, கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுப்பதும் வரவில்லை. பிறகு ரீஸ்டார்ட் ஆகாமல் என்ன செய்யும்? அது ஆஃப் ஆகிறதே என்று சந்தோஷப்படுங்கள். பாதுகாப்பு சர்க்யூட்டே இல்லாத பெட்டிகள் ஆஃப் ஆகாது, எரியும், போகும்போது மதர்போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

இதில் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கு நேற்றையது இல்லை. 500 வாட் என்று ஒட்டிவிட்டு 200 வாட் தருவதை மளிகைக் கடையில் செய்தால் எடைக்கல்லைப் பறிமுதல் செய்வார்கள். இங்கே அதைக் 'கேபினெட்டோடு ஃப்ரீ' என்று கொடுக்கிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே வாங்கி வருகிறோம். நானும் அப்படி ஒன்றை வாங்கிவந்தவன்தான், அதில் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய குடும்பப் போட்டோக்களோடு போனது. ஒழுங்கான கம்பெனியின் 450 முதல் 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலத் தர முத்திரை) உங்களுக்குத் தாராளம். அந்த 80 பிளஸ் முத்திரையையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம், சான்று தருபவர்களின் இணையப் பட்டியலில் மாடல் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 6600-க்கு 8 பின் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் வயரில் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றிக் கொடுத்தால் அந்த ஆளிடம் இனி ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. 600 விஏ யுபிஎஸ் என்றால் தாங்குவது பெரும்பாலும் 360 வாட்தான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் வாங்கினால் வரி குறைவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா? (கொல்லங்கோடு)

பதில்: அது வாட் வரிக் காலத்துக் கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 18 சதவீதம்தான். 2019 ஆகஸ்டிலிருந்து இரண்டு வருஷம் கேரளத்தில் வெள்ள செஸ் என்ற வரி ஒரு சதவீதம் கூடுதலாகவே இருந்தது. அங்கே கடைகள் அதிகம், பேரம் பேசலாம், கேட்ட மாடல் கிடைக்கும். அதற்காகப் போங்கள். 'பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன்' என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கடிதம்.

கேள்வி: மகன் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் திருவனந்தபுரத்தில் கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். 12-ஆவது நாள் திரையில் கோடு கோடாக வந்து நின்றுவிட்டது. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சீட்டில் இருப்பதைக் காட்டுகிறார்கள். சீட்டு எஸ்டிமேட்தான், பில் தரவில்லை. அவன் சாப்பிடாமல் படுத்திருக்கிறான். (ஒரு தாய், குலசேகரம்)

பதில்: அம்மா, முதலில் அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள், பணம் போய்விடவில்லை. அந்த வரியை அச்சடித்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு 12 நாள்தான் ஆகியிருக்கிறது, அதனால் இன்றைக்கே எழுதுங்கள். பில் தராததும் அதே பிரிவில் வருகிற தப்புதான். ஆகவே கடைக்காரர் மேல் ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது.

மகன் ஜிபே-யில் கட்டியிருந்தால் அந்த ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸாப்பில் விலை பேசியது, அந்த எஸ்டிமேட் சீட்டு, கார்டின் சீரியல் நம்பர் தெரிகிற போட்டோ, கோடு விழும் வீடியோ, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. எங்காவது சிக்கினால் எனக்கு எழுதுங்கள், மனுவை நானே பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: ஆஃபரில் டிடிஆர்5 ரேம் வாங்கிப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன். என் மதர்போர்டில் உட்காரவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா? (அருமனை)

பதில்: அழுத்தாதீர்கள்! உங்கள் போர்டு அதற்கு முந்தைய தலைமுறையான டிடிஆர்4. வெட்டு இருக்கும் இடமே வேறு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் வாங்கியதற்கு ஆணையமும் உதவாது, நானும் உதவ மாட்டேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடப்பதால் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கே போகும், விற்றுவிடுங்கள்.

கேள்வி: 16 ஜிபி ஒரே ரேமா, இரண்டு 8-ஆ? (குழித்துறை)

பதில்: இரண்டு 8. உள் கிராபிக்ஸில் ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில் மாட்டுங்கள்.

கேள்வி: ஒரு ஆப்பில் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பாதி விலைக்கு வருகிறது. மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் உருவாக்குவதில்) ஓடிய கார்டாக இருக்குமா? அட்வான்ஸ் கேட்கிறார். (பளுகல்)

பதில்: இருக்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க மாட்டேன், ஃபேனும் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டும் மாற்றினால் நன்றாக ஓடுபவை உண்டு. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. 580 2048எஸ்பி என்று ஒன்று இருக்கிறது, பெயர்தான் 580, உள்ளே 570. 2048 என்பது உள்ளே உள்ள கோர்களின் எண்ணிக்கை, அசல் 580-இல் 2304 இருக்கும். இன்னும் மோசமானது, பழைய சிப்பில் பெயரை மட்டும் மாற்றி எழுதிய போலிகள். 1050 டிஐ என்று நான் ஒன்று வாங்கினேன், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் 'ஃபேக்' என்று வந்தது, விற்றவர் நம்பர் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப். அதனால் நேரில் போங்கள், அவர் கம்ப்யூட்டரிலேயே ஜிபியு-இசட் திறந்து காட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள், பிறகு பணம். அட்வான்ஸ் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. ஸ்பைக் கார்டு (மின் எகிறலைத் தடுக்கும் ப்ளக் பெட்டி) போட்டிருக்கிறேன். இடி மின்னல் நேரத்தில் ஆஃப் செய்தால் போதுமா? (பேச்சிப்பாறை)

பதில்: சுர்ரென்றால் உங்கள் ப்ளக்கில் எர்த் இல்லை. எர்த் இல்லாத இடத்தில் ஸ்பைக் கார்டு பாதி வேலைகூடச் செய்யாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். புதுப் பாகம் எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைப்பக்கம் இடி கேட்டதும் ப்ளக்கைப் பிடுங்குங்கள், மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்து. அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.