வாசகர் கேள்வி – பதில்: பேசத் தாமதிக்கும் பிள்ளைகள்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு உறுதி செய்தார்கள். இரண்டு மொழிகள் காதில் விழுந்தால் பிள்ளை குழம்பிப்போவான், பள்ளி ஆங்கில வழி என்பதால் வீட்டிலும் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் சரளமாக வராது. இன்னொரு கவலை: "தண்ணி வேணுமா?" என்று நான் கேட்டால் அவனும் "தண்ணி வேணுமா?" என்றே திருப்பிச் சொல்கிறான். தாகம் எடுத்தாலும் அதையே சொல்லிக்கொண்டு வருகிறான். இதைக் கண்டித்து நிறுத்த வேண்டுமா?
– ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: தமிழை நிறுத்த வேண்டாம். தங்களுக்குச் சொல்லப்பட்டது பல நாடுகளிலும் பெற்றோருக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரைதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹாம்பிளி, ஃபொம்போன் என்னும் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரே மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களைவிடக் கூடுதலாகப் பின்தங்கிவிடவில்லை. பிறவியிலேயே குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் அதே நாட்டில் நடந்து 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் இதையே கண்டது. இவை பெரிய எண்ணிக்கையில் நடந்த ஆய்வுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், தாய்மொழியைக் கைவிடச் சொல்பவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டிய நிலையில்தான் இன்று இருக்கிறார்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வீட்டு நிலைமையை எண்ணிப் பாருங்கள். சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், தாங்கள் நாளெல்லாம் பேசுவதில் பாதி குறைந்துபோகும். பாட்டியோ பேரனிடம் வாய் திறக்கவே தயங்குவார். ஒரு பொருளைக் குழந்தையும் பெரியவரும் சேர்ந்து கவனிக்கும் தருணத்தில்தான் அதன் பெயர் குழந்தையின் மனத்தில் பதிகிறது. அப்படிச் சேர்ந்து கவனிப்பது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எளிதில் வருவதில்லை. அது வரத் தொடங்கிய பிள்ளைகளிடம் பின்னாளில் மொழியும் நன்றாக வளர்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மொட்டை மாடியில் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டே "அங்க பாரு, காக்கா வந்துருச்சு" என்று பாட்டி சொல்லும் அந்த நொடியை எந்தப் பயிற்சி மையமும் ஈடு செய்ய முடியாது.

அடுத்து, கேட்டதையே திருப்பிச் சொல்வது. 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கேனர், தனக்கு வேண்டியதைக் கேட்பதற்குப் பிறர் தன்னிடம் கேட்கும் கேள்வியையே சொன்ன சிறுவனைப் பற்றி அப்போதே எழுதியிருக்கிறார். வெகு காலம் வரை இதைப் பொருளற்ற கிளிப்பேச்சு என்று கருதி, அடக்கவே முயன்றார்கள். 1981ஆம் ஆண்டு பிரிஸன்ட், டூக்கன் என்னும் இருவர் நான்கு குழந்தைகளின் எதிரொலிப் பேச்சை வீடியோவில் பதிவு செய்து, பார்வை, உடலசைவு ஆகியவற்றோடு சேர்த்து ஆராய்ந்தபோது, அதற்கு ஏழு வகையான பயன்கள் இருப்பதைக் கண்டார்கள். உரையாடலில் தன் முறையை நிறைவேற்றுவது, ஆமாம் என்று ஒப்புக்கொள்வது, ஒன்றைக் கேட்டு வாங்குவது ஆகியவை அவற்றுள் சில.

தங்கள் மகன் தாகத்தோடு வந்து "தண்ணி வேணுமா" என்று சொல்லும்போது, அவன் தண்ணீர் கேட்கிறான். அந்த வாக்கியத்தை முழுதாக விழுங்கி வைத்திருக்கிறானே ஒழிய, அதை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. கண்டித்தால் இருக்கும் ஒரு வழியும் அடைபடும். கேள்வியைத் தவிர்த்து, அவன் சொல்ல வேண்டியதை அவன் இடத்தில் நின்று "தண்ணி வேணும்" என்று சொல்லி, உடனே தண்ணீரைக் கொடுங்கள். இதில் தமிழ் நமக்கு ஒரு சலுகையும் தருகிறது. 'நான்', 'நீ' ஆகியவற்றை மாற்றிச் சொல்வது இப்பிள்ளைகளிடம் பெரிதாகப் பேசப்படும் சிக்கல். "தண்ணி வேணும்" என்பதில் அந்தச் சொற்களே தேவையில்லை, 'வேணுமா' என்பதன் கடைசியில் உள்ள 'ஆ' ஒலியைக் கழற்றினால் போதும். ஆனால் "வர்றியா?" என்பதற்கு "வர்றேன்" என்று விடை சொல்ல வினையின் விகுதியையே மாற்ற வேண்டியிருப்பதால், அத்தகையவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் பேத்திக்கு மூன்று வயது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. ஆனால் ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் கைச்சைகைகளும் பட அட்டைகளும் கற்றுத்தருகிறார். சைகை பழகிவிட்டால் பேச்சே வராது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாத்தா, மதுரை

பதில்: தெரபிஸ்ட் செய்வது சரி. புரிந்துகொள்வது முன்னே செல்வதும் பேசுவது பின்தங்குவதும் டவுன் சிண்ட்ரோமில் திரும்பத் திரும்பக் காணப்படும் அமைப்பு. காதால் கேட்டதைச் சிறிது நேரம் நினைவில் நிறுத்துவது இவர்களுக்குக் கடினம். கண்ணால் கண்டதை நிறுத்துவது அதைவிட எளிது. சைகையும் படமும் அந்த வலுவான பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மொழியை முன்னெடுத்துச் செல்கின்றன. மில்லர், லைட், ஷ்லாசர் ஆகியோர் 2006ஆம் ஆண்டு பழைய ஆய்வுகளைத் தொகுத்து, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் நம்பத்தகுந்த ஆதாரம் கிடைத்த 27 பேரைப் பார்த்தார்கள். சைகை, படம் போன்ற மாற்று வழிகளைப் பழகிய பின் அவர்களில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை; 89 விழுக்காட்டினருக்குக் கூடியிருந்தது. கூடிய அளவு பெரிதில்லை என்றாலும், உறவினர்களின் அச்சத்துக்கு இது போதுமான விடை. படத்தைத் தொட்டால் குரல் தரும் ஆவாஸ் என்ற செயலி நம் சென்னையில் உருவானதுதான். சற்று வளர்ந்தபின் அதைப் பற்றியும் தெரபிஸ்ட்டிடம் கேட்கலாம்.

தாங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: காதைப் பரிசோதித்தீர்களா? இக்குழந்தைகளின் நடுச்செவியில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். ஒரு முறை நன்றாகக் கேட்டது என்பதற்காக அடுத்த மழைக்காலத்திலும் அப்படியே கேட்கும் என்று இருந்துவிடக் கூடாது.

கேள்வி: வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்கள் அறிவுத்திறன் குறைந்திருந்தும் அழகாகப் பேசுவார்கள் என்று படித்தேன். மொழி என்பது மூளையில் தனித்து இயங்கும் ஒன்று என்பதற்கு இது சான்றாகுமா?
– பி.எட். மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அப்படித்தான் சில காலம் நம்பினார்கள். ஏழாவது குரோமோசோமிலிருந்து 25க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட ஒரு சிறு துண்டு இல்லாமற்போவதால் வரும் நிலை இது. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூகி, இவர்களையும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் ஒப்பிட்டபோது, படம் வரைவதில் தடுமாறிய வில்லியம்ஸ் சிண்ட்ரோம் உள்ளவர்கள் கதை சொல்வதில் பிறரை ஈர்த்தார்கள். அவர் பார்த்தவர்கள் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும்.

லண்டனில் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித்தும் அவர் குழுவினரும் அதே ஒப்பீட்டைத் தளிர்நடைப் பருவத்துக் குழந்தைகளிடம் செய்து 1999ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அந்த வயதில் இரு சாராரும் சொற்களைப் புரிந்துகொள்வதில் ஒரே அளவு பின்தங்கியிருந்தார்கள்! எண்ணிக்கை வேறுபாட்டைக் கண்டுகொள்வதிலோ, பெரியவர்களானபின் கணக்கில் திணறும் வில்லியம்ஸ் பிள்ளைகளே சிறு வயதில் முந்தினார்கள். முடிவில் காணும் திறமை தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்தது என்று கொள்வதற்கில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு குறைவு. மேலும், பிற குழந்தைகள் முதலில் விரல் நீட்டிச் சுட்டுகிறார்கள், பிறகு பெயர் சொல்கிறார்கள். வில்லியம்ஸ் பிள்ளைகளில் பலர் பெயர் சொல்லத் தொடங்கிய பிறகே சுட்டுகிறார்கள். சென்று சேரும் ஊர் ஒன்றாகத் தோன்றினாலும் அவர்கள் வந்த வழி வேறு. ஆகவே தாங்கள் கேட்ட சான்றாக இதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகளுக்கு ஆறு வயது முடிகிறது, இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் இனிப் பேசமாட்டாள் என்கிறார்களே?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: ஐந்து வயது என்பது அப்படி ஒரு வாசற்படி அன்று. நான்கு வயதில் கடுமையான மொழித் தாமதம் இருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில், எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனபோது 70 விழுக்காட்டினர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். எல்லோருக்கும் வந்துவிடவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. பேச்சு சாராத அறிவுத்திறனும் பிறரோடு கலந்து பழகும் ஆர்வமும் கூடுதலாக இருந்தவர்களுக்கே அது பெரும்பாலும் வாய்த்தது.

வேண்டிய பொருள் எட்டாத உயரத்தில் இருந்தால் தங்கள் மகள் என்ன செய்கிறாள் என்று தாங்கள் எழுதவில்லை. அழுகிறாளா, தங்கள் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறாளா, விரலால் சுட்டுகிறாளா, சுட்டியபின் தங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளா? ஒரு வாரம் இவற்றைத் தேதியிட்டுக் குறித்துவைத்து, அந்தத் தாளை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கொடுங்கள். இதுவரை ஒருவரையும் பார்க்கவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தை விசாரித்துச் செல்லுங்கள். அங்கே கட்டணம் இல்லை.